உண்மைக்கு முத்திரை குத்துவது யார்?

(ஷா ஆலம். ஞாயிறு பூசை முடிந்து மாமாக் கடை. மாமா பழைய தோட்டத்துக் கிராணி. ஓய்வு பெற்றும் செக்ரோல் பார்க்கிற கண் போகவில்லை. மருமகன் கம்பெனிகளுக்குத் தன்முனைப்புப் பயிற்சி கொடுப்பவர். மூன்று மணி நேரம் பேசி ஒன்றுமே சொல்லாமல் காசு வாங்கத் தெரிந்தவர்.)

மருமகன்: பிரசங்கம் நல்லாத்தான் இருந்துச்சு மாமா. ஆனா ஃபாதர் 'உண்மை ஒண்ணுதான்'னு அந்த அழுத்து அழுத்தறாரே, அது இந்தக் காலத்துக்கு எடுபடாது. உங்க உண்மை உங்களுக்கு, என் உண்மை எனக்கு.

மாமா: இப்ப நீ சொன்னது உனக்கு மட்டுமா, எனக்கும் சேர்த்தா?

மருமகன்: எல்லாருக்கும்தான்.

மாமா: அப்ப எல்லாருக்கும் பொதுவா ஒண்ணாச்சும் இருக்கு. தே தாரிக் ஆறுது, குடி.

மருமகன்: வக்கீல் மாதிரி மடக்காதீங்க லா. இத்தனை மதம் இருக்கற நாடு. ஆளாளுக்கு 'என்னுதுதான் உண்மை'ன்னு கிளம்புனா என்னாகும்? அவரவருக்கு அவரவர் உண்மைன்னு விட்டுட்டா நிம்மதி.

மாமா: நம்ம நீல மசூதியில நாலு மினாரா. ஒவ்வொண்ணும் 142 மீட்டர். அவ்வளவு உசரத்துல இருந்து 'இது என் தனிப்பட்ட கருத்து'ன்னா பாங்கு சொல்றாங்க? அவங்க சொல்றது எல்லாத்தையும் நான் ஏத்துக்கல. நான் சொல்றதை அவங்களும் ஏத்துக்க மாட்டாங்க. ஆனா ரெண்டு பேரும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்றோம். அதனால உட்கார்ந்து பேச முடியுது. உன்கிட்ட என்னத்தப் பேசறது? எதைச் சொன்னாலும் 'சூப்பர் மாமா'ங்கிற.

மருமகன்: சூப்பர் மா... சரி, நல்ல பாயிண்ட். ஆனா உண்மை உங்க கையில இருக்குன்னா, அதை மத்தவன் தலையில கட்டத்தானே பார்ப்பீங்க?

மாமா: ரெண்டாம் வத்திக்கான் சங்கம் 1965லயே மத சுதந்திர அறிக்கையில அதைத் தீர்த்துருச்சு. உண்மைக்குத் தடியெடுத்த ஆளு தேவையில்ல.

மருமகன்: சரி, இதுக்குப் பதில் சொல்லுங்க. 2011ல அரசாங்கம் கொண்டு வந்த பத்து அம்சத் தீர்வு. அதே மலாய் பைபிள், சபா சரவாக்குல ஒரு நிபந்தனையும் இல்ல. தீபகற்பத்துலன்னா அட்டையில சிலுவை போட்டு, 'பெனர்பித்தான் கிறிஸ்தியான்'னு அச்சும் இருக்கணும். தென்சீனக் கடலைத் தாண்டினா விமானத்துலயே உண்மை மாறுதே!

மாமா: மாறுனது அட்டைடா. உள்ள ஒரு எழுத்து மாறல. முத்திரை ஊருக்கு ஊர் மாறும், அது ஆபீஸ் சமாச்சாரம். நீ முத்திரையைப் படிச்சுட்டுப் புத்தகத்தைப் படிச்சதா நினைக்கற.

மருமகன்: அப்ப உண்மைன்னாதான் என்னா?

மாமா: இதையேதான் இயேசுகிட்ட பிலாத்துவும் கேட்டான். கேட்டுட்டுப் பதிலுக்கு நிக்காம வெளிய போயிட்டான். அவனுக்கெதுக்குப் பதில்? ரோமாபுரி முத்திரை கையில இருக்கே! எதிர்ல நிக்கறவர் மேல குத்தமில்லைன்னு தெரியும். கூட்டம் வேற மாதிரி கத்துது. 'உங்க உண்மை உங்களுக்கு'ன்னு கையைக் கழுவிட்டான். பார்த்துக்க, ஆளுக்கொரு உண்மைன்னு விட்டா கடைசியில படை வச்சிருக்கறவன் உண்மைதான் நிக்கும். எங்களுக்கு உண்மைங்கறது ஒரு கொள்கை இல்ல, ஒரு ஆளு. அன்னைக்கு அங்க கைதியா நின்னவரு அவருதான்.

மருமகன்: (மெதுவாக) கேக்க நல்லாருக்கு. அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்தப்ப மட்டும் 'பையன் நம்ம ஆளுங்களா?'ன்னு முதல்ல விசாரிச்சீங்களே, அது எந்த நற்செய்தி, எத்தனாவது அதிகாரம்?

(மாமாவுக்குப் புரை ஏறுகிறது. மருமகன் தலையில் தட்டுகிறார். தேவைக்குச் சற்று அதிகமாகவே.)

மாமா: அது... குடும்ப வழக்கம்டா.

மருமகன்: பாருங்க! பூசையில ஒரு உண்மை, சம்பந்தம் பேசறப்ப ஒரு உண்மை. நீங்களும் நம்ம கட்சிதான்.

மாமா: இல்ல. அது தப்பு. உன் கட்சியில இருந்தா 'எங்க வழக்கம், எங்க உண்மை'ன்னு சொல்லிட்டு நிம்மதியா ரொட்டி சனாய் தின்னுட்டிருப்பேன். என் கட்சியில இருக்கறதாலதான் புரை ஏறுது.

மருமகன்: இருந்தாலும் மாமா, கருதினால் ராட்சிங்கர் 2005 ஏப்ரல் 18ல இந்த 'ஆளுக்கொரு உண்மை'ங்கற சார்புவாதத்தையே சர்வாதிகாரம்னாரே, அது கொஞ்சம் ஓவர். நாங்க யாரை அடிச்சோம்?

மாமா: மறுநாளே அவரைப் போப்பாண்டவரா தேர்ந்தெடுத்தாங்க, கேட்டவங்களுக்கு ஓவராத் தெரியல போல. அதே வருஷம்தான் இங்க க்ளென்மேரி தொழிற்பேட்டையில இறை இரக்கக் கோயில் திறந்துச்சு. எப்ப ஆரம்பிச்ச அலைச்சல் தெரியுமா? 1977. இருபத்தெட்டு வருஷம் மனு, பதில், மறுபடி மனு. 'கோயில் வேணும்ங்கறது எங்க உண்மை, வேணாம்ங்கறது உங்க உண்மை'ன்னு கைகுலுக்கிட்டு வந்திருந்தா, அந்தத் தொழிற்பேட்டையில இன்னிக்கு இன்னொரு கோடவுன்தான் இருந்திருக்கும்.