காலதூஷகனுக்கு ஒரு ஜெர்சி

கூடைப்பந்துக்குப் பெயர் வைத்தவன் ஒரு திருடன். அவதூறு இல்லை. ஆட்டத்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் வாத்தியாரே எழுதிவைத்துவிட்டுப் போன சங்கதி.

1891 டிசம்பர். அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊர். வெளியே பனி, உள்ளே ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் அடங்காப்பிடாரிகள் 18 பேர். அவர்களை மேய்க்க முடியாமல் இரண்டு வாத்தியார்கள் ஏற்கெனவே கையைத் தூக்கியாயிற்று. மூன்றாவதாக மாட்டியவர் நெய்ஸ்மித். புது ஆட்டம் ஒன்றை யோசித்து, கட்டிடத்தைப் பார்த்துக்கொள்பவரிடம் இரண்டு பெட்டி கேட்டார். பெட்டி இல்லை, பீச் பழக்கூடை வேண்டுமானால் இருக்கிறது என்று பதில் வந்தது. அதையே பத்தடி உயரத்தில் ஆணியடித்து மாட்டி, 13 விதிகளைத் தட்டச்சு செய்து பலகையில் ஒட்டினார். கொஞ்ச நாளில் தாளைக் காணோம். பிராங்க் மஹன் என்ற மாணவன் ஞாபகார்த்தமாக உருவியிருந்தான். பிறகு மனசு கேட்காமல் தானே கொண்டுவந்து கொடுத்தான்.

அதே மஹன்தான் ஆட்டத்துக்கு என்ன பெயர் என்று கேட்டான். 'நெய்ஸ்மித் பந்து' என்று வைக்கலாமே என்றும் சொன்னான். அப்படி வைத்தால் ஆட்டமே செத்துப்போகும் என்று வாத்தியார் சிரித்தார். சரி, கூடை இருக்கிறது, பந்து இருக்கிறது, கூடைப்பந்து என்று வையுங்கள் என்றான். கமிட்டி கிடையாது, தீர்மானம் கிடையாது, வழிமொழிய ஆள் கிடையாது. வேலை முடிந்தது. அவன் திருப்பிக் கொடுத்த அந்தத் தாள் 2010-ல் 43 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. மனசாட்சி எவ்வளவு விலை பிடித்த சாமான் என்று அன்றைக்கு மஹனுக்குத் தெரிந்திருக்காது.

இப்போது ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு கூடைப்பந்து அணி கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். பெயர் வேண்டும். ஆக்கபூர்வமாகவும் இருக்க வேண்டும், அர்த்தத்தோடும் இருக்க வேண்டும். இது தூத்துக்குடி மாவட்டம் ஆதலால் முதலில் தூக்கும் கை 'முத்து' என்றுதான் தூக்கும். தாமிரபரணியோடு கீழே போனால் கொற்கை. பாண்டியனுக்கு முத்துக் குவித்த துறைமுகம். இன்றைக்கு அங்கே நின்றால் கடலையே காணோம், அது எப்போதோ பின்வாங்கிப் போய்விட்டது. சென்னைக்குப் போகும் ரயிலுக்கு முத்துநகர் எக்ஸ்பிரஸ் என்று பெயர். ஆனால் இந்தக் கரையில் கடைசியாக முத்துக்குளித்தது 1961-ல். மாவட்டத்தில் நிஜமாகக் குவிந்து கிடப்பது உப்பு. 'உப்பு' என்று அணிக்குப் பெயர் வைக்க ஒருவரும் முன்வர மாட்டார். தூத்துக்குடி மக்ரூனுக்காவது ரெண்டு ஓட்டு விழும்.

இல்லாததைப் பெயரில் வைத்துக்கொள்வது நமக்கு மட்டும் வாய்த்த வியாதி அல்ல. மின்னசோட்டாவில் பத்தாயிரம் ஏரி இருக்கிறது என்பார்கள். அதனால் மினியாபொலிஸ் அணிக்கு 'லேக்கர்ஸ்' என்று பெயர். 1960-ல் அந்த அணி லாஸ் ஏஞ்சலிஸுக்குக் குடிபோனது. ஏரிகள் கூடப் போகவில்லை, பெயர் போயிற்று. நியூ ஆர்லியன்ஸ் 'ஜாஸ்' 1979-ல் யூட்டாவுக்குப் போனது. ஜாஸ் இசைக்கும் யூட்டாவுக்கும் உள்ள உறவு, கொற்கைக்கும் கடலுக்கும் இன்று உள்ள உறவுதான்.

நம்மூர்ப் பழைய கூடைப்பந்துக்காரர்கள் இந்த வம்புக்கே போகவில்லை. 1920-ல் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் மெட்ராஸில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். ஆட்டம் ஊன்றியது. அணிகளின் பெயர்? இந்தியன் ஓவர்சீஸ் பாங்க், ஐ.சி.எஃப்., சதர்ன் ரயில்வே. சம்பளம் போடுபவன் பெயரே அணியின் பெயர். பாஸ்புக் வைத்திருந்தவர் எல்லாம் ரசிகர். சண்டை சச்சரவில்லை.

சண்டை என்றதும் நினைவுக்கு வருகிறது. தேசபக்திப் பெயர் வைக்கலாமே என்று ஒருவர் எழுந்திருப்பார். அதற்கும் முன்கதை இருக்கிறது. வ.உ.சி. 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, வெள்ளைக்காரக் கம்பெனியோடு மோதினார். எதிராளி கட்டணத்தைக் குறைத்தான், பிறகு இலவசமாகவே ஏற்றினான், கடைசியில் ஆளுக்கொரு குடையும் கொடுத்தான் என்பார்கள். (சுதந்திரத்துக்குப் பின் வந்த தேர்தல்களுக்கு வித்து அங்கேதான் விழுந்திருக்க வேண்டும்.) அந்த நினைவில்தானோ என்னவோ, தமிழ்நாடு பிரீமியர் லீக் கிரிக்கெட்டில் நம் மாவட்டத்து அணிக்குத் 'தூட்டி பேட்ரியாட்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். 2016-ல், முதல் தொடரிலேயே கோப்பையும் வாங்கினார்கள். 2021-ல் அதே அணி 'சேலம் ஸ்பார்ட்டன்ஸ்' ஆகிவிட்டது. ஐந்தே வருஷத்தில் தேசபக்தர்கள் சேலத்துக்கு மாற்றலாகி, கிரேக்கர்களாகவும் மாறிவிட்டார்கள். மாம்பழ ஊருக்கு ஸ்பார்ட்டா எதற்கு என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

மாவட்டமும் அப்படித்தான். 1986-ல் திருநெல்வேலியிலிருந்து பிரித்தபோது சிதம்பரனார் மாவட்டம் என்று வைத்தார்கள். அப்போதெல்லாம் பஸ்ஸும் தலைவர்கள் பெயரில்தான் ஓடியது. இந்தப் பக்கம் கட்டபொம்மன், மதுரைக்குப் பாண்டியன், கோவைக்குச் சேரன். ஸ்ரீவைகுண்டத்து நெற்களஞ்சியத்தில் கட்டபொம்மனின் தானாபதிப் பிள்ளை கைவைத்ததாகக் கதைகளில் வரும். ஆனாலும் ஊர்க்காரர்கள் பழசை மறந்து கட்டபொம்மனில் ஏறி, டிக்கெட் வாங்கி, திருநெல்வேலிக்குப் போய்வந்தார்கள்.

1997-ல் விருதுநகரில் புதுப் போக்குவரத்துக் கழகம் வந்தது. வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தார்கள். அவர் நம் மாவட்டத்துக் கவர்னகிரிக்காரர், கட்டபொம்மன் படையில் நின்று உயிரைக் கொடுத்தவர். அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று ஒரு கூட்டம் கிளம்பியது. வண்டியை ஓட்டுபவர் யார், பிரேக் பிடிக்குமா என்று கேட்காதவர்கள், பெயருக்கு உரியவர் என்ன சாதி என்று கேட்டார்கள். கல் பறந்தது, ஊர்கள் எரிந்தன, உயிர்கள் போயின. அரசாங்கம் ஒரே போடாகப் போட்டது. இனி எந்தக் கழகத்துக்கும் யார் பெயரும் கிடையாது, எந்த மாவட்டத்துக்கும் கிடையாது. சேரன், சோழன், பாண்டியன் எல்லாரும் ஒரே நாளில் இறக்கிவிடப்பட்டார்கள். சிதம்பரனார் மாவட்டம் தூத்துக்குடி மாவட்டம் ஆயிற்று. மூவேந்தர்களையும் ஒன்றாகத் தோற்கடித்த பெருமை வரலாற்றில் பஸ் கண்ணாடிக்கு மட்டுமே உண்டு.

ஆகவே வாரிசு உள்ள பெயர் எதையும் ஜெர்சியில் போடுவதற்கில்லை.

விலங்குப் பெயர்? சிங்கம், புலி, சிறுத்தை என்று எத்தனையோ அணிகள். ஸ்ரீவைகுண்டத்துக்குச் சிங்கத்தில் தனி உரிமையே உண்டு. குமரகுருபரர் இந்த ஊர்ப் பிள்ளை. ஐந்து வயது வரை பேசாமல் இருந்து, திருச்செந்தூரில் வாய் திறந்தவர். திறந்த வேகத்தில் கந்தர் கலிவெண்பா. பிறகு வடக்கே போய், முகலாய தர்பாருக்குள் சிங்கத்தின் மேல் ஏறி நுழைந்தார், காசியில் மடத்துக்கு இடம் வாங்கினார் என்பது கதை. இன்றைக்கு ஒரு பட்டா மாறுதலுக்கு நாம் நடக்கும் நடையைப் பார்த்தால், அவர் சிங்கத்தோடு போனதன் நியாயம் புரியும். ஆனால் சிங்கம் என்று வைத்தால் ஊரில் எவனும் குமரகுருபரரை நினைக்க மாட்டான், சூர்யாவைத்தான் நினைப்பான்.

கடைசியில் எல்லாரும் கோயில் வாசலுக்குத்தான் வந்து சேர வேண்டும். நவதிருப்பதிகளில் முதலாவது. மூலவர் வைகுண்டநாதர், உற்சவர் கள்ளபிரான். காலதூஷகன் என்று ஒரு திருடன் இருந்தான். திருடப் போகும்முன் பெருமாளைக் கும்பிடுவான், திரும்பி வந்ததும் பாதியைக் கோயிலுக்குக் கட்டிவிடுவான். வருமான வரி இலாகா கனவில்கூடக் காணாத ஒழுங்கு. ஒருநாள் கூட்டாளிகள் பிடிபட, பெருமாளிடம் ஓடினான். பெருமாள் இவன் வேஷத்தில் தானே அரசன்முன் போய் நின்று, திருட்டு நடப்பதற்குக் காரணமே நீதான், செல்வத்தில் தர்மத்துக்கு உரிய பங்கை நீ கொடுக்கவில்லை, அதனால் திருடன் எடுத்தான் என்று அவனுக்கே வகுப்பெடுத்தார். திருடனுக்காகப் போய் நின்ற சாமிக்குத் திருடன் பெயரே நிலைத்தது.

கூடைப்பந்தில் எதிராளி கையிலிருக்கும் பந்தைத் தட்டிப் பறிப்பதற்கு 'ஸ்டீல்' என்று பெயர். ஸ்கோர் ஷீட்டில் தனிக்கட்டம் போட்டுத் திருட்டை எண்ணி மெச்சுவார்கள். இப்படி ஒரு ஆட்டத்துக்கு இப்படி ஒரு ஊர் வேறெங்கே அமையும்? ஆனால் கள்ளபிரான் என்று வைத்துவிட்டுத் தோற்றால் வம்பு. மறுநாள் பேப்பரில் 'கள்ளபிரான் மண்ணைக் கவ்வினார்' என்று வந்தால் பட்டர் முகத்தில் எப்படி முழிப்பது? பிரானை விட்டுவிட்டு முன்பாதியை மட்டும் வைத்தால் என்ன என்று யாராவது கேட்டால், தெற்கத்திக்காரர்கள் ஏன் இருமுகிறார்கள் என்று விளக்கத் தேவையில்லை.

மிச்சம் காலதூஷகன். அவனுக்குச் சிலை இல்லை, ஜெயந்தி இல்லை, குருபூஜை இல்லை. என்ன சாதி என்று எந்தப் புராணமும் சொல்லவில்லை. தோற்றால் திருடன் தோற்றான், ஊருக்கு நல்லது. ஜெயித்தால் பரிசுப் பணத்தில் பாதி கோயிலுக்கு. கத்திக் கூப்பிட நீளமாக இருக்கிறது என்றால் 'காலா' என்று சுருக்கிக்கொள்ளலாம், ரஜினி ரசிகர்கள் இலவசமாக வந்து சேருவார்கள்.

ஸ்ரீவைகுண்டம் காலதூஷகர்கள். என் ஓட்டு இதற்குத்தான். இதைவிட நல்ல பெயர் வைத்திருப்பவர்கள், அதற்கு வாரிசு யாரும் இல்லை என்று தாசில்தார் கையெழுத்துப் போட்ட காகிதத்தோடு வரவும்.