உப்பு போட்டாரா? சின்னத்திரைச் சமையற்காரரும் காஞ்சிபுரத்துப் பார்வையாளரும்: ஓர் ஆய்வு

முனைவர் பட்டத்துக்குத் தலைப்புக் கிடைப்பதில்லை என்று தமிழ்த்துறைகளில் ஒரு புலம்பல் உண்டு. இளங்கோவடிகள் எந்தச் சமயம், வள்ளுவர் எந்த ஊர் என்பதையெல்லாம் அலசிப் பிழிந்து காயப்போட்டு மடித்தும் வைத்தாகிவிட்டது. ஆனால் முப்பது வருடமாகச் சாம்பார் வைக்கும் ஒரு பெண்மணி, தொலைக்காட்சியில் இன்னொருவர் சாம்பார் வைப்பதை அரை மணி நேரம் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்து பார்ப்பது ஏன் என்ற வினாவைத் தொடுவாரில்லை. அந்தக் குறையைப் போக்க எழுந்ததே இவ்வாய்வு. களம் காஞ்சிபுரம். பட்டுக்கும் கோயிலுக்கும் பேர்போன ஊரில் தொலைக்காட்சிச் சமையலுக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும்.

முதலில், வழக்கிலுள்ள இரண்டு கொள்கைகளை மறுப்பது ஆய்வு மரபு. ‘கற்றுக்கொள்ளவே பார்க்கிறார்கள்’ என்பது ஒன்று. கற்பதுதான் நோக்கமென்றால் அந்தத் தேவை 1951 இலேயே தீர்ந்துவிட்டது. அந்த ஆண்டில்தான் எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ வெளிவந்தது. புக்ககம் போகும் பெண்ணின் பெட்டியில் பட்டுப்புடவைக்கு அடியில் அந்தப் புத்தகம் போனது, கடல் கடந்தும் போனது. தொலைக்காட்சி பார்ப்பவர் கையிலோ பேப்பரும் இல்லை, பேனாவும் இல்லை. இருந்தும் பயனில்லை. ‘உப்பு தேவையான அளவு’ என்பதை எழுதிவைத்து என்ன செய்வது?

இரண்டாவது, பசிக் கொள்கை. பசியில் பார்க்கிறார்கள் என்று இதைச் சொல்பவர்கள் ஒரு வீட்டுக் கூடத்தையும் எட்டிப் பார்த்ததில்லை. மடியில் தட்டு, தட்டில் ரசம் சாதம், ஓரத்தில் சுட்ட அப்பளம், திரையில் நாட்டுக்கோழி வறுவல். சாப்பிடுவது ஒன்று, பார்ப்பது ஒன்று. இதில் பசிக்கு என்ன பங்கு இருக்கிறது?

இனி வரலாறு. மேல்நாட்டார் இக்கலையின் தொடக்கத்தை 1937 ஜனவரியில் வைக்கிறார்கள். லண்டனில் பிபிசியின் கேமராவுக்கு முன்னால் மார்செல் பூலெஸ்தான் என்ற பிரெஞ்சுக்காரர் ஆம்லெட் போட்டுக் காட்டினார். 1963 இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்திலிருந்து ஜூலியா சைல்ட் வந்தார். நம் நாட்டில் 1993 இல் ஜீ டி.வியின் ‘கானா கஜானா’ வழியாகச் சஞ்சீவ் கபூர் வீட்டுக்கு வீடு அறிமுகமானார். தமிழில் மல்லிகா பத்ரிநாத், கண்ணதாசனின் மகள் ரேவதி சண்முகம், சன் டி.வியின் ‘ஆஹா என்ன ருசி’யில் சிரித்த முகமாக வந்து 2012 இல் நாற்பது வயதுகூட நிரம்பாமல் மறைந்த செஃப் ஜேக்கப் என்று வரிசை நீள்கிறது.

இந்த வரலாற்றை இவ்வாய்வு ஏற்கவில்லை. பூலெஸ்தானுக்கு முந்திக்கொண்ட பெருமை காஞ்சிக்கே உண்டு என்பதற்கு இலக்கியச் சான்று இருக்கிறது, அதுவும் இரண்டு.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை 500 அடிகள் கொண்டது. பாட்டுடைத் தலைவன் காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன். வள்ளலைப் பார்க்கப் போகும் பாணனுக்கு வழி சொல்வதுதான் நூலின் வேலை. ஆனால் புலவர் வழியைவிடச் சாப்பாட்டைத்தான் விரிவாகச் சொல்கிறார். எயினர் குடிசையில் நாய் பிடித்துவந்த உடும்பின் வறுவல், ஆயர் வீட்டில் பாலும் தினைச்சோறும், அந்தணர் மனையில் மாதுளம்பிஞ்சை வெண்ணெயில் மிளகும் கறிவேப்பிலையும் சேர்த்து வதக்கிய பொரியல், கூடவே மாவடு. ஒவ்வொரு நிறுத்தத்திலும் என்ன கிடைக்கும், எப்படிச் செய்தது, என்னோடு சேர்த்துச் சாப்பிடலாம் என்ற விவரத்தோடு காஞ்சிக்குக் கொண்டுவந்து சேர்க்கிறார். தோளில் மைக்கும் பக்கத்தில் கேமராவும் இருந்திருந்தால், ஊர் ஊராகப் போய் மெஸ் வாசலில் நின்று பேசும் இன்றைய தொகுப்பாளர்கள் எல்லாரும் உருத்திரங்கண்ணனாருக்கு உரிமைத்தொகை கட்ட வேண்டியிருக்கும்.

இன்னொரு சான்று, பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் 7-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வடமொழியில் எழுதிய மத்தவிலாசப் பிரகசனம் என்ற அங்கத நாடகம். கதை நடக்கும் இடம் காஞ்சி நகரத் தெரு. குடித்துவிட்டுத் தள்ளாடும் காபாலிகனின் கபாலத்தைக் காணோம். கபாலம் என்பது அவனுடைய திருவோடு, அதில் வாட்டிய இறைச்சி இருந்தது. விருந்து வீட்டிலிருந்து பிச்சை வாங்கித் திரும்பும் பௌத்தத் துறவிதான் திருடியிருப்பார் என்று சண்டை. கடைசியில் பார்த்தால் நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கிறது, நாயிடமிருந்து ஒரு பித்தன் பிடுங்கி வைத்திருக்கிறான். ஒரு பாத்திரம், அதில் கொஞ்சம் கறி, அதைச் சுற்றி நாலு கோமாளிகள். விஜய் டி.வி 2019 நவம்பரில் ‘குக் வித் கோமாளி’யைத் தொடங்கியபோது இந்தக் கருவுக்குச் சுமார் 1,400 வயது ஆகியிருந்தது.

உரிமைப் பிரச்சினை தீர்ந்தது. இனி நிகழ்காலம்.

பிள்ளையார்பாளையத்தில் தறி வைத்திருக்கும் வீடுகள் இவ்வாய்வுக்கு முக்கியமான களம். கால் குழிக்குள் மிதியில் இருக்கும், கை நாடாவில் இருக்கும், கண் பாவில் இருக்கும். கோர்வைப் புடவை என்றால் உடலுக்கும் கரைக்கும் தனித்தனி நாடா, வலப்பக்கத்தில் துணையாள். அறுந்த இழையைப் பார்க்காமல் நாலு விரற்கடை நெய்துவிட்டால் புடவை காட்டிக்கொடுத்துவிடும், கூலியில் கை வைப்பார்கள். ஆகவே கூடத்தில் டி.வி ஓடுகிறது, தறியில் இருப்பவர் அதைப் பார்ப்பதில்லை, கேட்கிறார். சமையற்காரர் இங்கே வானொலிக் கலைஞர் ஆகிவிடுகிறார். எண்ணெய் காய்வது, கடுகு வெடிப்பது, வெங்காயம் சொய்யென்று விழுவது எல்லாமே காதுக்கு வரும் தகவல். தொகுப்பாளர் பேச்சு சுவாரசியத்தில் தாளிப்பை மறந்தால், ‘பேசினது போதும், கடுகு கருகுது பாரு’ என்று தறிக்குழியிலிருந்து தீர்ப்பு வருகிறது. உள்ளே காய் நறுக்கிக்கொண்டிருக்கும் மாமியாரின் மேல்முறையீடு அடுத்து: ‘அது கெடக்குது, பெருங்காயம் போட்டாரா இல்லையா?’

இந்தக் கேள்விதான் இவ்வாய்வின் மையம். பார்வையாளர் மாணவராக அங்கே உட்கார்ந்திருக்கவில்லை, தேர்வாளராக உட்கார்ந்திருக்கிறார். திரைக்குள் இருப்பவர் பெரிய நட்சத்திர ஓட்டலில் கரண்டி பிடித்தவராக இருக்கலாம், வெளிநாட்டில் படித்தவராக இருக்கலாம். ஆனால் புளியை எப்போது ஊற்றுகிறார் என்பதில் அவருக்கு மதிப்பெண் போடும் அதிகாரம் ரிமோட் வைத்திருப்பவரிடம்தான் இருக்கிறது. மாமியார் மருமகளைச் சொல்ல முடியாத காலத்தில், இந்த உரிமை கிடைக்கும் ஒரே இடம் தொலைக்காட்சிதான். இதற்கு ‘உப்புக் கொள்கை’ என்று பெயரிடலாம். குற்றம் கண்டுபிடிக்க இடம் கொடுப்பவரே மக்கள் மனம் கவர்ந்த சமையற்காரர். இடமே கொடுக்காதவர் மதிக்கப்படுவார், சேனல் மாற்றப்படும்.

கொள்கைக்கு வெளிநாட்டு ஆதாரம் ஜூலியா சைல்ட். உருளைக்கிழங்கு அடையை வாணலியில் தூக்கிப் போட்டுத் திருப்பினார், பாதி அடுப்பு மேடையில் விழுந்தது. பொறுக்கிப் போட்டுவிட்டு, அடுக்களையில் தனியாகத்தானே இருக்கிறோம், யார் பார்க்கப்போகிறார்கள் என்ற பொருளில் ஏதோ சொன்னார். அன்றைக்குச் செய்த உருப்படியான பண்டங்களெல்லாம் மறந்துபோயின. விழுந்த அடை மட்டும் அறுபது வருடமாகப் பேசப்படுகிறது.

இதற்கு நேர் எதிர்த் துருவமும் காஞ்சியிலேயே இருப்பது ஆய்வாளரின் அதிர்ஷ்டம். வரதராஜப் பெருமாள் கோயில் மடப்பள்ளியில் செய்யும் குடலை இட்லி உலகப் புகழ் பெற்றது, செய்பவரை ஒருவருக்கும் தெரியாது. பச்சரிசியும் உளுந்தும் கொரகொரப்பாக அரைத்த மாவில் உடைத்த மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், கறிவேப்பிலை, நெய். உயரமான மூங்கில் குடலைக்குள் மந்தாரை இலையைச் சுற்றி அடுக்கி, மாவை ஊற்றி, பெரிய அண்டாவில் ஆவி கட்டுவார்கள். வேக மூன்று மணி நேரம்போல் ஆகும். வெளியே எடுத்தால் தூண் மாதிரி நிற்கும், வில்லை வில்லையாக அறுப்பார்கள். மேலே இலையின் ரேகை பதிந்திருக்கும், மந்தாரை வாசம் மிளகுக்கு முன்னால் வந்து நிற்கும். இதில் கவனிக்க வேண்டியது, செய்தவர் ருசி பார்க்கக் கூடாது. நிவேதனத்துக்கு முன்னால் நாக்கில் பட்டால் எச்சில். உப்பு சரியா என்பது பெருமாளுக்குத்தான் முதலில் தெரியும். அதுவும் திரை போட்ட பிறகு. அவர் இதுவரை குறை சொன்னதில்லை.

தொலைக்காட்சியில் இந்த முறை ஒரு நாள் தாங்காது. அங்கே திரை விலகுவதே ருசி பார்க்கும் நேரத்தில்தான். கரண்டி நுனி நாக்கைத் தொட்டதும் கண் சொருகுகிறது, ‘ம்ம்ம்’ என்கிறார், ‘சூப்பர்’ என்கிறார். சிலர் சூடு தாங்காமல் கையை விசிறுவதும் உண்டு, அது அபூர்வமான உண்மைத் தருணம். குடலை இட்லியைத் திரையில் செய்தால் மூன்று மணி நேரத்துக்கு எங்கே போவது? எவர்சில்வர் டம்ளரில் மாவை ஊற்றி இட்லிப் பானையில் வைக்கிறார்கள், விளம்பர இடைவேளை முடிவதற்குள் வெந்துவிடுகிறது. சின்னக் காஞ்சிபுரத்தார் இதைப் பார்க்கும்போது வீட்டில் நிலவும் எழுச்சி, உப்புக் கொள்கைக்கு வலுவான சான்று. இலையைக் காணோம், குடலையைக் காணோம், பேர் மட்டும் காஞ்சிபுரம்!

இனி ‘குக் வித் கோமாளி’க்கு வரலாம். அந்நிகழ்ச்சியின் தொடக்க கால நடுவர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. செஃப் தாமு 2010 இல் தன்னந்தனியாக 24 மணி நேரத்துக்கு மேல் சமைத்து, 600-க்கு மேற்பட்ட பதார்த்தங்கள் செய்து கின்னஸில் இடம்பிடித்தவர். வெங்கடேஷ் பட் அதே சேனலில் ‘சமையல் சமையல்’ நடத்தி, அளவு தவறாமல் பாடம் சொன்னவர். இருவரும் பாடம் சொன்னபோது மரியாதை இருந்தது. கோமாளி வந்து உட்கார்ந்ததும் பாசம் வந்தது. புகழ் என்ற கோமாளி பெண் வேடத்தில் வந்து பட் மீது சாய்ந்தார், பட் துரத்தினார். இன்னொரு கோமாளி சிவாங்கி கொத்தமல்லிக்கும் புதினாவுக்கும் நடுவே திகைத்து நின்றார். தாமு குழந்தைபோலச் சிரித்தார். 600 பதார்த்தம் செய்த கை மேசையைத் தட்டிச் சிரிப்பதில் ஓய்ந்துபோனது.

இந்த ஏற்பாட்டின் மேதைமையை ஆய்வுலகம் உணர வேண்டும். சமையல் தெரிந்த ஒருவருக்குத் துணையாக, தெரியாத ஒருவரைச் சீட்டுக் குலுக்கிக் கட்டிவிடுகிறார்கள். குற்றம் காண்பதற்காகப் பார்வையாளர் காத்திருக்க வேண்டாம், வாரம்தோறும் குற்றமே சம்பளத்துக்கு வைக்கப்பட்டிருக்கிறது. ‘ஐயோ, அது சோடா உப்புடா!’ என்று வீட்டிலுள்ள பத்து வயதுப் பிள்ளையும் கத்தலாம். முதல் சீசனில் வனிதா விஜயகுமார் வென்றார், அடுத்ததில் கனி வென்றார். கனிக்கு நிலைத்த பட்டம் ‘காரக்குழம்பு கனி’. அந்தக் குழம்பின் செய்முறையைக் கேட்டால் ஊரில் பாதிப் பேர் விழிப்பார்கள். அவருடைய கோமாளி அடித்த கூத்தைக் கேட்டால் வரிசை மாறாமல் சொல்வார்கள்.

எதிர்ச் சோதனையும் நடந்திருக்கிறது. 2021 இல் சன் டி.வி ‘மாஸ்டர் செஃப்’ கொண்டுவந்தது. தொகுப்பாளர் விஜய் சேதுபதி, அரங்கம் பிரமாண்டம், போட்டியாளர்கள் நிஜமாகவே நன்றாகச் சமைத்தார்கள். கோளாறு அங்கேதான். தட்டில் மூன்று சொட்டுச் சட்டினியைத் தூரிகையால் இழுத்து வைத்தவரிடம் பிள்ளையார்பாளையத்து மாமியார் என்ன குறை காண்பார்? சாப்பாடு போதாது என்று ஒரு தடவை சொல்லலாம், வாரா வாரம் அதையே சொல்ல முடியுமா?

2024 இல் பட் விஜய் டி.வியை விட்டுச் சன் டி.விக்குப் போய் ‘டாப் குக்கு டூப் குக்கு’வில் அமர்ந்தார். அவர் இருந்த நாற்காலிக்கு மாதம்பட்டி ரங்கராஜ் வந்தார். அந்த வாரங்களில் எழுந்த வாதப் பிரதிவாதங்கள் கட்சித் தாவலுக்குக்கூட எழுவதில்லை. ஒரே வீட்டில் இரண்டு டி.வி இல்லாத குறை அப்போதுதான் தெரிந்தது. குடும்பத்தார் சேர்ந்து முடிவெடுத்து ஒன்றைக் கூடத்திலும் மற்றதைக் கைபேசியிலும் பார்த்தார்கள், இரண்டிலும் உப்புக் கூடுதல் என்றார்கள்.

களப்பணியில் திரட்டிய வினாக்களில் ஒன்று மட்டும் இந்தக் கட்டுரையின் எல்லைக்குள் அடங்க மறுக்கிறது. சமையற்காரரின் மேசையில் மஞ்சள்தூளுக்கு ஒரு கண்ணாடிக் கிண்ணம், கடுகுக்கு ஒன்று, நாலு மிளகாய்க்கு ஒன்று, கறிவேப்பிலைக்கு ஒன்று, கடைசியில் தண்ணீருக்கும் ஒன்று வரிசையாக இருக்கிறது. ஒவ்வொன்றையும் கவிழ்த்துவிட்டு அவர் ஓரமாக வைக்கிறார், நிகழ்ச்சி முடிகிறது. ‘இம்மாங் கிண்ணத்த யாரு கழுவுறது?’ என்று பாத்திரம் தேய்த்துக்கொண்டே ஒரு மருமகள் கேட்டார். மாமியார் பதில் சொல்லவில்லை, சேனலை மாற்றினார். இரண்டாம் கட்ட ஆய்வு இதைப் பற்றியதாக இருக்கும். நிதி ஒதுக்குவோர் சபீனாவுக்கும் தேங்காய் நாருக்கும் சேர்த்து ஒதுக்கக் கடவர்.