ஊர் கீழே, கயிறு மேலே

பனிச்சறுக்குத் தலம் ஒன்றை எப்படி நடத்துவது என்று உத்தராகண்ட் அரசிடம் கற்றுக்கொள்ளலாம். கீழே இருக்கிற ஊரை மண்ணுக்குள் இறங்க விட வேண்டும். அந்த ஊரிலேயே கயிற்றைக் கட்டி வெளியூர்க்காரர்களை மேலே அனுப்ப வேண்டும். கயிறு நின்றுபோனால் பதறக் கூடாது. வேறு இடத்தில் இதைவிட நீளமான கயிறு ஒன்றை அறிவித்தால் போதும்.

ஊரின் பெயர் ஜோஷிமட். பத்ரிநாத் போகிறவர்கள் தங்கிப் போகும் இடம், சங்கர மடம் உள்ள ஊர். அதற்கு மேலே, 2,500 மீட்டர் உயரத்திலிருந்து 3,000 மீட்டர் வரை சரிந்து கிடக்கிற புல்வெளிதான் அவுலி. முதலில் இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையினர் பனிச்சறுக்குப் பழகிய இடம். பிறகு சுற்றுலாத் துறைக்கு ஆசை வந்தது. உத்தரப் பிரதேசமாக இருந்த காலத்திலேயே வேலை தொடங்கி, 1990களில் ரோப்வே ஓட ஆரம்பித்தது: சுமார் 4 கிலோமீட்டர், பத்துக் கம்பங்கள். மேலே சரிவில் ஏறுவதற்கு 800 மீட்டருக்கு ஒரு சேர்லிஃப்ட்.

சேர்லிஃப்ட்டின் பூர்வீகம் வாழைத்தார். 1936-ல் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் யூனியன் பசிபிக் ரயில் கம்பெனி, சும்மா ஓடும் ரயில்களுக்கு ஆள் பிடிக்க சன் வேலி என்ற பனிச்சறுக்குத் தலத்தைக் கட்டியது. அதன் பொறியாளர் ஜேம்ஸ் கர்ரன், கப்பலில் வாழைத்தார் ஏற்றும் கொக்கிக் கயிற்றை அறிந்தவர். கொக்கியை எடுத்துவிட்டு நாற்காலியை மாட்டினார். உலகத்தின் முதல் சேர்லிஃப்ட் தயார். அந்த வாழைத்தாருக்கு ஒரு சௌகரியம் இருந்தது: அதை ஏற்றிய துறைமுகம் இருந்த இடத்திலேயே இருந்தது.

ஜோஷிமட்டுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. இது இன்றைக்குக் கண்டுபிடித்த ரகசியமும் இல்லை. 1976-லேயே கார்வால் கமிஷனர் மிஸ்ரா தலைமையில் அமைந்த குழு எழுதிக் கொடுத்துவிட்டது. ஊர் உட்கார்ந்திருப்பது பாறைமீது அல்ல, பழைய நிலச்சரிவு கொண்டுவந்து கொட்டிய மண்ணும் கல்லும்தான். கனமான கட்டடம் வேண்டாம், சரிவில் பாறையைப் பெயர்க்காதே, வெடி வைக்காதே, மரத்தை வெட்டாதே. அரசு அறிக்கையை நன்றியோடு வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொண்டது. எவ்வளவு பத்திரம் என்றால், ரோப்வேக்குக் கடைக்கால் தோண்டியபோதும், ஓட்டல்கள் அடுக்கடுக்காக எழும்பியபோதும், கீழே மலையைக் குடைந்து தபோவன்-விஷ்ணுகாட் நீர்மின் திட்டத்துக்குச் சுரங்கம் போட்டபோதும் அது யார் கண்ணிலும் படவில்லை.

2009 டிசம்பரில் அந்தச் சுரங்கம் குடையும் இயந்திரம், அவுலிப் பக்கம் ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், நிலத்தடி நீர்த்தேக்கம் ஒன்றைப் பொத்தல் போட்டது. நாளொன்றுக்கு 6 முதல் 7 கோடி லிட்டர் தண்ணீர் கொட்டியதாக, விஷயம் தெரிந்தவர்கள் அடுத்த ஆண்டே 'கரண்ட் சயின்ஸ்' இதழில் எழுதி எச்சரித்தார்கள். மலையின் வயிற்றுத் தண்ணீர் இப்படிப் போய்க்கொண்டிருந்த அதே காலத்தில் உச்சியில் என்ன நடந்தது? 2011-ல் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுப் போட்டி. அதற்காக அவுலியில் செயற்கை ஏரி வெட்டினார்கள். ஏரித் தண்ணீரைக் காற்றழுத்தத்தோடு பீய்ச்சிப் பனியாக்க இயந்திரங்கள் வாங்கினார்கள். காற்று உறைநிலைக்குக் கீழே இறங்கினால்தான் அந்தத் துளி பனியாகும்; இல்லாவிட்டால் அது கோடிக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய தோட்டத் தெளிப்பான். 2023 பிப்ரவரியில் அவுலியில் நடக்க வேண்டிய தேசியப் போட்டி, பனியே இல்லை என்று ரத்தானது.

பனி இல்லாவிட்டால் என்ன, கல்யாணம் இருக்கிறதே! 2019 ஜூனில் தென்னாப்பிரிக்காவில் பெயர் நாறிய குப்தா குடும்பம் தன் பிள்ளைகளுக்கு இங்கேதான் 200 கோடி ரூபாயில் கல்யாணம் நடத்தியது என்று பத்திரிகைகள் எழுதின. மாநிலத்துக்கு நல்ல விளம்பரம் என்று அன்றைய முதல்வர் பூரித்தார். நைனிடால் உயர் நீதிமன்றம் குறுக்கிட்டு 3 கோடி ரூபாய் வைப்புத்தொகை கட்டச் சொன்னது. பந்தி முடிந்ததும் குப்பை அள்ளியது ஜோஷிமட் நகராட்சி.

அந்த ரோப்வேயின் பொறியமைப்பையும் சொல்ல வேண்டும். இரண்டு பெட்டிகள். ஒன்று கீழே இறங்கும்போதுதான் மற்றது மேலே ஏறும். அரசுக்கு இந்தத் தத்துவம் ரொம்பப் பிடித்துவிட்டது போலிருக்கிறது.

2023 ஜனவரியில் ஊர் இறங்கியது. மனோகர் பாக், சிங்தார் பகுதிகளில் தரையும் சுவரும் பிளந்தன. எண்ணூறுக்கும் மேற்பட்ட கட்டடங்களில் விரிசல். அதிகாரிகள் வந்து, வீட்டுச் சுவர்களில் சிவப்புப் பெயிண்டால் பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போனார்கள். சமையலறையில் பாத்திரம் அப்படியே இருக்க, பீரோவைக் கயிறு கட்டி இறக்கிக்கொண்டு ஜனங்கள் அந்தக் கடுங்குளிரில் வெளியேறினார்கள். மலாரி இன், மவுண்ட் வியூ என்ற இரண்டு ஓட்டல்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நின்றன, இடிக்க வேண்டியதாயிற்று. ரோப்வே கம்பத்தின் அருகிலும் பிளவு தெரிந்தது, ஓட்டத்தை நிறுத்தினார்கள். சுரங்கம் தோண்டிய என்டிபிசி, எங்கள் சுரங்கம் ஊருக்கு அடியில் போகவே இல்லை, எங்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று கை கழுவியது.

அப்போது இஸ்ரோ ஒரு தப்பு செய்தது. உண்மையைச் சொல்லிவிட்டது. டிசம்பர் 27-க்கும் ஜனவரி 8-க்கும் இடையில், 12 நாளில், ஜோஷிமட் 5.4 சென்டிமீட்டர் இறங்கியதைச் செயற்கைக்கோள் படத்தோடு இணையத்தில் போட்டது. டெல்லி ஆடிப்போனது, ஊர் இறங்கியதற்கு அல்ல. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் உடனே கடிதம் எழுதியது: இதுபற்றி எந்த நிறுவனமும் பத்திரிகைகளிடம் பேசக் கூடாது, சமூக ஊடகத்தில் எதையும் போடக் கூடாது, மக்கள் குழம்புகிறார்கள். இஸ்ரோவின் அறிக்கை இணையத்திலிருந்து மறைந்தது. வீட்டுச் சுவர் வழியே வானம் தெரிகிறவனுக்கு என்ன ஐயா குழப்பம்? அவனுக்குத்தான் எல்லாம் தெளிவாகத் தெரிகிறதே! பேரிடரை மேலாண்மை செய்யச் சொன்னால் செய்தியை மேலாண்மை செய்கிறவர்களுக்கு நம் வரிப்பணத்தில் சம்பளம்.

வீட்டை விட்டவர்களுக்கு இடைக்கால நிவாரணம் ஒன்றரை லட்சம் ரூபாய். அடுத்த ஆண்டு அதைவிடப் பெரிய நிவாரணம் வந்தது: ஜோஷிமட் தாலுகாவின் பெயர் ஜோதிர்மட் என்று மாறியது. இனிமேல் ஜோஷிமட் புதைகிறது என்று எவனும் புகார் சொல்ல முடியாது.

நின்ற ரோப்வே ஆண்டுகள் ஓடியும் கிளம்பவில்லை. ஆனால் கயிற்றுக்குப் பஞ்சமில்லை. 'பர்வத்மாலா' என்று தேசியத் திட்டமே இருக்கிறது. 2025 மார்ச்சில் மத்திய அமைச்சரவை இரண்டு ரோப்வேக்களுக்கு ஒப்புதல் கொடுத்தது. சோன்பிரயாகிலிருந்து கேதார்நாத்துக்கு 12.9 கிலோமீட்டர், 4,081 கோடி ரூபாய். கோவிந்த்காட்டிலிருந்து ஹேம்குண்ட் சாகிபுக்கு 12.4 கிலோமீட்டர், 2,730 கோடி ரூபாய். கோவிந்த்காட் எங்கே இருக்கிறது என்கிறீர்களா? ஜோஷிமட்டைத் தாண்டி, பத்ரிநாத் சாலையில் கொஞ்ச தூரத்தில்.

அங்கேயும் கம்பம் நட மண்ணைச் சோதிப்பார்கள், அறிக்கை எழுதுவார்கள். இணையத்தில் வந்தால் அன்றைக்கே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.