பாலிஷர் வாங்கப் போகும் திருத்தணிக்காரருக்குச் சில யோசனைகள்

சுழல் பாலிஷர் வாங்குவதென்று முடிவு செய்துவிட்டீர்கள். நல்லது. பெட்டியின் மேல் ஒரு கார் படமும் ஒரு படகுப் படமும் போட்டிருக்கிறார்கள். கார் உங்களிடம் இருக்கிறது. தவணை முடியவில்லை என்றாலும் வாசலில் நிற்பது அதுதான். ஆகவே முதல் வேலை, படகுக்கு ஏற்பாடு செய்வது.

திருத்தணியில் இது கொஞ்சம் சிரமம். கிட்டத்தில் பெரிய தண்ணீர் என்றால் பூண்டி நீர்த்தேக்கம். அது சென்னைக்காரர்கள் குடிக்கிற தண்ணீர். பாலிஷ் காம்பவுண்டும் கையுமாக அங்கே போய் நிற்க முடியாது. ஊருக்குச் சொந்தமாக மிதப்பது ஆடிக் கிருத்திகையின்போது சரவணப் பொய்கையில் மூன்று இரவு வலம் வருகிற தெப்பம் ஒன்றுதான். அதற்குப் பூவும் விளக்கும் போதும். பாலிஷரோடு போனால் கோயில்காரர்கள் விபூதி கொடுத்து மரியாதையாக அனுப்பிவைப்பார்கள்.

பழவேற்காட்டுப் பக்கம் போனால் படகுக்குப் பஞ்சமில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு தமிழ்நாட்டுக் கரையெங்கும் பெருகிய ஃபைபர் படகுகள் அங்கேயும் வரிசையாக நிற்கின்றன. உள்ளதைச் சொன்னால், இந்த மெஷினுக்கு ஏற்ற உடம்பு அதுதான். ஃபைபர் படகின் மேல்தோலுக்கு ஜெல்கோட் என்று பெயர். ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் கனம், அதாவது 500 மைக்ரான். வெயிலிலும் உப்புக்காற்றிலும் வெளுத்து, கை வைத்தால் பொடி ஒட்டுகிற நிலைக்கு அது வந்துவிட்டால், கம்பளி பேடும் முரட்டுக் காம்பவுண்டும் போட்டுச் சுழல் மெஷினால் தாராளமாகத் தேய்க்கலாம், தோல் மிச்சமிருக்கும். ஆனால் விடியலில் மணலோடு இழுத்துத் தண்ணீரில் தள்ளுகிற படகுக்கு முகம் தெரிகிற பளபளப்பு எதற்கு என்று அதன் சொந்தக்காரர் கேட்பார். அதற்கு ஒரு பதிலைத் தயார் செய்துகொண்டு போங்கள். பளபளக்க வேண்டிய படகே வேண்டும் என்றால், 1911-இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் சென்னைத் துறைமுகத்தில் இருக்கிறது. சொந்தமாக ஒரு பாய்மரப் படகு வாங்கிவிட்டால் பாலிஷரின் விலை கணக்கில் கண்ணுக்கே தெரியாது.

படகுக்கு வழி பிறக்கும்வரை காரைக் கவனிப்போம்.

காரின் மேல் மினுங்குவது வண்ணம் இல்லை. வண்ணத்துக்கு மேலே பூசிய கிளியர் கோட். பெரும்பாலான கார்களில் அதன் கனம் 40 முதல் 50 மைக்ரான் வரைதான். தலைமுடி ஒன்று சுமார் 70 மைக்ரான் இருக்கும். படகுக்கு 500, காருக்கு 50. பெட்டியின் மேல் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டவர்கள் இந்தக் கணக்கைப் போட இடமில்லாமல் விட்டுவிட்டார்கள். ஒவ்வொரு முறை காம்பவுண்ட் போட்டுத் தேய்க்கும்போதும் சில மைக்ரான் போகும். போனது போனதுதான். வெயிலை முதலில் வாங்கிக்கொள்வதும் அந்தப் படலம்தான். அது மெலிந்தால் ஓரிரு கோடையில் பானெட் திட்டுத் திட்டாக வெளுக்கும். மே மாத வெயில் செய்தியில் திருத்தணி பெயர் எத்தனை தடவை வருகிறது என்பது உங்களுக்கே தெரியும்.

அடுத்தது வேகம். கடைக்காரர் ‘மூவாயிரம் ஆர்.பி.எம். சார்’ என்று பெருமையாகச் சொல்வார். நீங்கள் கேட்க வேண்டியது எவ்வளவு மெதுவாக ஓடும் என்பதை. 600-இல் நிதானமாகத் தொடங்கி, விசையை அழுத்தியதும் எகிறாமல், பாரம் ஏறினாலும் அதே வேகத்தில் ஓடினால் அது மெஷின். 150 மி.மீ. பேடு 1500 சுற்றில் ஓடினால் அதன் விளிம்பு மணிக்கு 42 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. 3000-இல் 85. திருத்தணியிலிருந்து சென்னை ஏறக்குறைய அந்தத் தூரம்தான். உங்கள் பேடின் விளிம்பு ஒரு மணி நேரத்தில் சென்னை போய்ச் சேர்ந்துவிடும், நீங்கள் மட்டும் பானெட் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பீர்கள். நடுவில் வேகம் குறைவு, ஓரத்தில் அதிகம், எல்லாம் ஒரே அச்சில். ஒரே இடத்தில் இரண்டு நொடி கூடுதலாக நின்றால் சூடு ஏறும். தகட்டிலாவது சூடு பரவி இறங்கும். பம்பர் பிளாஸ்டிக், அதற்குப் பரவத் தெரியாது, அங்கேயே வெந்துவிடும். கதவின் மடிப்பு, பானெட்டின் முதுகுக் கோடு, இங்கெல்லாம் பூச்சு இயல்பிலேயே மெல்லிசு. அவற்றின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். ஒட்டாதவர்களின் வண்டியைச் சாலையில் பார்க்கலாம். மடிப்பெல்லாம் பிரைமர் நிறத்தில் கோடு போட்டிருக்கும்.

இந்த இடத்தில் ஒரு நண்பர் வருவார். எல்லா ஊரிலும் இவர் உண்டு. ‘இதுக்குப் போய் காசு செலவு பண்ணுவாங்களாண்ணே, நம்ம பட்டறையில வெல்டிங்குக்கு வெச்சிருக்கற ஆங்கிள் கிரைண்டர்ல ஸ்பாஞ்ச் மாட்டினா முடிஞ்சுது’ என்பார். மாட்டலாம். இரண்டுக்கும் திருகு பல மாடல்களில் ஒரே அளவு, எம்14. சிறிய கிரைண்டர் ஓடுவது 11,000 சுற்று. அதே பேடின் விளிம்புக்கு அப்போது மணிக்கு 311 கிலோமீட்டர். நண்பரின் காரில் முதலில் செய்து பார்க்கலாம் என்று சொல்லுங்கள். பேச்சு அங்கேயே முடியும்.

காரில் கோடு எப்படி விழுகிறது என்பதையும் பார்த்துவிடுவோம், ஏனென்றால் நம் ஊரில் அதற்குத் தனிச் சம்பிரதாயம் இருக்கிறது. புது வண்டி எடுத்தவர்கள் மலைப்பாதையில் ஏறி வந்து பூஜை போடுகிறார்கள். பானெட்டில் சந்தனம், அதன்மேல் குங்குமம், கண்ணாடியில் விபூதிப் பட்டை, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம், கடைசியில் தேங்காய். தணிகைமலைச் சந்தனத்துக்கு மகிமை உண்டு. சுவாமி மேல் சாத்தியது நோய்க்கு மருந்தென்று வாங்கிப் போகிறார்கள், அதில் எனக்குச் சொல்ல எதுவுமில்லை. வண்டி மேல் பூசியதைத்தான் சொல்கிறேன். கீழே இறங்கி வருவதற்குள் அது காய்ந்து இறுகிவிடும். திருப்பதி சாலையில் ஜல்லி லாரிகளின் பின்னால் இரண்டு மைல் போனால் அதன்மேல் கல்தூசி ஒரு படலம் சேரும். வீட்டுக்கு வந்ததும் அப்பா வேட்டி நுனியால் அழுத்தித் துடைப்பார். ஷோரூமில் சாவி வாங்கிய அன்றைக்கே புது வண்டிக்கு வட்ட வட்டமாகக் கோடு விழுந்துவிடும், பக்தியோடு. ஒரு பாட்டில் தண்ணீரை ஊற்றி, ஊறவிட்டு, பிறகு கழுவினால் தீர்ந்தது. அந்தத் தண்ணீர் போர்வெல்லிலிருந்து வருவதானால் வெயிலில் காயவிடாமல் ஒற்றி எடுங்கள். உப்புக்கறை இன்னொரு கதை. இதைச் செய்கிறவருக்குப் பாலிஷர் வாங்கும் தேவை பாதி போய்விடும். மீதிப் பாதியையும் வெள்ளை நிறக் கார் வாங்கினால் தீர்த்துக்கொள்ளலாம். வெள்ளையில் கோடு கண்ணுக்குத் தெரிவதில்லை. திருப்பதி டிரிப் அடிக்கிற டாக்ஸிக்காரர் யாராவது பாலிஷர் பற்றிப் பேசிக் கேட்டிருக்கிறீர்களா?

கறுப்புக் கார் வாங்கியவர்கள் தொடர்ந்து படியுங்கள்.

கறுப்பில் சுழல் மெஷின் ஓட்டினால் பழைய கோடு போய், அந்த இடத்தில் நீளமான நிழல் வளையங்கள் வரும். பட்டறையில் தெரியாது. இரவில் பெட்ரோல் பங்க் விளக்கடியில் நிற்கும்போது வண்டி முழுக்க நெளியும். ஹோலோகிராம் என்று தொழில்காரர்கள் சொல்வது இதைத்தான். சரிசெய்ய மென்மையான ஸ்பாஞ்ச், மெல்லிய பாலிஷ், அதைவிட மெல்லிய கை வேண்டும். கை என்றால், ஒரு நொடிக்கு ஓர் அங்குலம். டிசம்பர் 31 இரவு திருப்புகழ் பாடி 365 படி ஏறுகிறவர்கள் படிக்குப் படி நின்று போவார்களே, அந்த நிதானம். அது வராது என்று உங்களைப் பற்றி உங்களுக்கே தெரிந்தால், சுழல் மெஷினுக்குப் பக்கத்து அலமாரியில் இருக்கிற டி.ஏ. (டூயல் ஆக்‌ஷன்) பாலிஷரை வாங்குங்கள். அது சுற்றிக்கொண்டே 15 அல்லது 21 மி.மீ. ஆட்டமும் ஆடும். பெரும்பாலானவற்றில் அளவுக்கு மேல் அழுத்தினால் பேடு சுற்றுவதையே நிறுத்திவிடும். அவசரக்காரர்களை மனதில் வைத்துச் செய்த ஏற்பாடு. வேலை மெதுவாக நடக்கும், ஆனால் கார் மிஞ்சும். என்னைக் கேட்டால் வீட்டுக் காருக்கு அதுவே போதும். சுழல் மெஷின் தினமும் நாலு வண்டி பார்க்கிறவர் கைக்கு உரியது.

இல்லை, சுழல்தான் வேண்டும் என்கிறீர்கள். அப்படியானால் சென்னைப் புதுப்பேட்டைக்குப் போய் ஒரு பழைய பானெட் வாங்கி வந்து, திண்ணையில் சாய்த்து, அதில் பழகுங்கள். இரண்டு மூன்று இடத்தில் வேண்டுமென்றே எரித்துப் பாருங்கள். எவ்வளவு நேரத்தில் எரிகிறது என்பது கைக்குத் தெரியட்டும். மச்சானின் கார் வீட்டில் நிற்கிறதே என்று தோன்றும். வேண்டாம். சூரனை வென்ற பிறகும் முருகனுக்கு இருந்த சினம் இந்த மலையில் தணிந்தது என்பார்கள். மச்சானுக்கு அப்படி ஒரு மலை கிடையாது. அவசரமும் வேண்டாம். இந்த ஊர் எந்த மாநிலத்தில் இருக்க வேண்டும் என்பதற்கே வருஷக்கணக்கில் போராடி, 1960 ஏப்ரல் 1 அன்றுதான் சென்னை மாநிலத்தோடு சேர்த்தார்கள். உங்கள் பானெட் ஒரு ஞாயிற்றுக்கிழமை காத்திருக்கும். நிழலில், தகடு கைக்குக் குளிர்ந்திருக்கும்போது, காலை எட்டுக்குள் முடித்துவிடுங்கள். வெயிலில் காம்பவுண்ட் நொடியில் காய்ந்து பொடியாகும்.

கடையில் பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான். மூன்று கிலோவுக்கு மேல் கனமிருந்தால் கதவுப் பக்கம் பிடிக்கும்போது தோள் கேட்கும். வயரைத் தோள்மேல் போட்டுக்கொள்ளும் அளவுக்கு நீளம் வேண்டும். பெயின்ட் மேல் இழுபடுகிற வயர் போடும் கோட்டை அதே மெஷினால் எடுக்க வேண்டியிருக்கும். கடைசியாக, கார்பன் பிரஷ் தேய்ந்தால் இங்கே கிடைக்குமா என்று கேளுங்கள். ‘அதெல்லாம் தேயவே தேயாது சார்’ என்று சொன்னால் அடுத்த கடைக்குப் போங்கள்.