மெரிட்டா, டொனேஷனா?

1988-ல் எங்கள் உறவுக்குள் 'பெங்களூர்' என்பதைச் சற்றுத் தணிந்த குரலில்தான் சொல்வார்கள். பையன் எங்கே படிக்கிறான் என்று கேட்டு, "பெங்களூர்ப் பக்கம்" என்று பதில் வந்துவிட்டால், கேட்டவர் நாகரிகமாக மழையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார். மார்க் குறைவு, பணம் இருக்கிறது என்ற இரண்டு தகவலும் அதிலேயே அடக்கம். மாநிலத்துக்குள் இடம் கிடைத்தவன் மெரிட், எல்லை தாண்டியவன் டொனேஷன். திண்டுக்கல்லில் மனித குலம் அப்படித்தான் பிரிந்திருந்தது.

எனக்குக் கிண்டிப் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தது. 1794-ல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கல்லூரி; சிவப்புக் கட்டடம்; கடிதம் வந்த அன்று அப்பா அதைத் தெருவில் பாதிப் பேருக்குப் படித்துக் காட்டினார். கிடைத்தது சிவில். நான் ஆசைப்பட்டதோ கம்ப்யூட்டர் சயின்ஸ். அதுவரை ஒரு கம்ப்யூட்டரைக்கூட நேரில் பார்த்ததில்லை என்பது அந்த ஆசைக்குத் தடையாக இல்லை.

இரும்புக்கடை வைத்திருந்த பெரியப்பாவிடம் அதற்கு வழி இருந்தது. கர்நாடகத்தில் ஒரு கல்லூரியில் தன் மகனுக்குப் பேசி முடித்துவிட்டார். "ரெண்டு பயலையும் சேத்துக் கூட்டிட்டுப் போனா, கொஞ்சம் கொறச்சுக் கேக்கலாம் தம்பி" என்று அப்பாவிடம் சொன்னார். நன்கொடை வாங்கக் கூடாது என்று கர்நாடகத்தில் 1984-லேயே சட்டம் வந்திருந்தது. அதைப் பெரியப்பாவுக்கு யாரும் சொல்லவில்லை. கல்லூரிக்காரர்களுக்கும் சொல்லவில்லை போலிருக்கிறது. பணம் ரெக்ஸின் பையில் போனது. ரசீது கேட்பது மரியாதையில்லை என்று பெரியப்பா விளக்கினார்.

அப்பா கூட்டுறவு வங்கியில் குமாஸ்தா. "வீட்டுப் பத்திரத்த ஒருத்தன்கிட்ட கொண்டுபோய் வச்சு எம்புள்ள படிக்க வேண்டாம்" என்றார். அத்துடன் தேர்வு முடிந்தது. என்னை யாரும் கேட்கவில்லை. கேட்கும் வழக்கமும் அப்போது இல்லை. பெட்டியோடு பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏற்றிவிட்டார்கள். நான்கு வருடம் விடுதியில், மொத்தச் செலவை எல்லோரும் பங்கிட்டுக்கொள்ளும் டிவைடிங் சிஸ்டம் சாப்பாடு. மாதக் கடைசியில் மெஸ் பில் குறைய வேண்டுமே என்று நாங்களே சாம்பாரின் ஆழத்தைக் கட்டுப்படுத்திக்கொள்வோம்.

சிவில் படித்த நான் மென்பொருள் கம்பெனியில் சேர்ந்தேன். அந்தத் தலைமுறையில் எல்லாத் துறையும் அந்தக் கடலில்தான் போய்க் கலந்தது. காசு கொடுத்துக் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்த அண்ணன் ஊர் திரும்பி, பெரியப்பா கடையோடு சிமெண்ட் ஏஜென்சியும் சேர்த்துக்கொண்டார். கட்டடங்களைப் பற்றி என்னைவிட அவருக்கு அதிகம் தெரியும்.

வெளியூர்க்காரன் என்றால் விலை கூடுதல் என்பதை அப்போது அரசாங்கமே எழுதி வைத்திருந்தது. 1989-ல் கர்நாடக அரசு, தனியார் மருத்துவக் கல்லூரிகளுக்கு ஆண்டுக் கட்டணம் அறிவித்தது: அரசு இடத்துக்கு 2,000 ரூபாய், மற்ற இடங்களில் மாநிலத்துப் பிள்ளைக்கு 25,000, வெளிமாநிலத்தாருக்கு 60,000. உத்தரப் பிரதேச மாணவி ஒருவர் வழக்குப் போட, 1992-ல் உச்ச நீதிமன்றம் இது நன்கொடைதான், செல்லாது என்றது. மறுவருடமே இன்னொரு தீர்ப்பில் 'பேமென்ட் சீட்' சட்டபூர்வமாக உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. இதற்கிடையில் தமிழ்நாட்டிலும் 1984-ல் அனுமதி பெற்ற சுயநிதிக் கல்லூரிகள் பெருகி, நெடுஞ்சாலை தோறும் வளைவு எழுந்தது. இன்று ஆந்திரத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் பிள்ளைகள் பெட்டியோடு இங்கே வந்து இறங்குகிறார்கள். அவர்களுடைய பெரியப்பாக்களுக்கு நாம்தான் பெங்களூர்.

2024-ல் என் மகளுக்குக் கிண்டியில் இடம் கிடைத்தது. அதுவும் கம்ப்யூட்டர் சயின்ஸ். நான் கடிதத்தைப் படித்துக் காட்டத் தெருவைத் தேடினேன். அடுக்குமாடியில் தெரு இல்லை. ஆண்டுக் கட்டணம் ஒரு நல்ல செல்போன் விலை. மகள் அதை 'பேக்கப்' என்று குறித்து வைத்திருந்தாள். ஹரியானாவில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படிக்க வேண்டுமாம். விடுதியோடு நான்கு வருடத்துக்கு நாற்பது லட்சத்துக்கு மேல்.

"டிஸ்கவுன்ட் கேக்கலாம்ப்பா, ஃபைனான்ஷியல் எய்டுன்னு இருக்கு" என்றாள். படிவத்தைத் திறந்தால், சம்பளம், சேமிப்பு, பூர்வீகச் சொத்து, கடன் எல்லாம் கேட்டார்கள். பெரியப்பாவிடம் கல்லூரி அலுவலகத்தில் பேரம் பேசியவர் அரை மணி நேரத்தில் கண்டுபிடித்ததை, இவர்கள் இருபது பக்கத்தில் கேட்டார்கள். ரசீது மட்டும் தவறாமல் வருகிறது. கடன் வட்டிக்கு, பழைய வரி முறையில் இருந்தால், வருமான வரிச் சலுகைகூட உண்டு.

அப்பா 1965-ல் கல்லூரி மாணவர். இந்தி எதிர்ப்பு ஊர்வலத்தில் வாங்கிய தடியடித் தழும்பை இன்றும் முழங்காலுக்குக் கீழே காட்டுவார். அவருடைய பேத்தி கூடத்தில் உட்கார்ந்து செல்போன் செயலியில் இந்தி எண்கள் சொல்லிப் பழகுகிறாள். அதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்குக் குடைந்தது வேறு.

"ஏம்மா, இது மெரிட்டா, டொனேஷனா?"

"மெரிட்தான் தாத்தா. ரொம்பக் கஷ்டமான செலக்‌ஷன்."

"மெரிட்டுக்கு எதுக்கும்மா பணம்?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் தொலைக்காட்சியைப் பார்த்தேன்.

அண்ணனிடமிருந்து போன் வந்தது. அவர் மகன் கிண்டியில் இரண்டாம் வருடம், மெரிட்டில். "வெளியூர்ப் படிப்பெல்லாம் எதுக்குடா தம்பி, வெட்டிச் செலவு" என்றார். பிறகு, பணம் பற்றவில்லையென்றால் கூச்சப்படாமல் சொல்லச் சொன்னார்.

சொல்லவில்லை, வங்கிக்குப் போனோம். இவ்வளவு தொகைக்கு ஈடு வேண்டும் என்றார் மேலாளர். ஈடாக இருந்தது திண்டுக்கல் வீடு. அது அப்பா பெயரில். கூட்டுறவு வங்கிப் பழக்கத்தில் அவர் ஒப்பந்தத்தை வரிவரியாகப் படித்தார், படிப்புக் காலத்திலும் வட்டி ஓடுமா என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு, யாரும் கேட்காமலேயே, "பேத்தி மெரிட்லதான் சேந்திருக்கா" என்றார்.

"இங்க வர்றவங்க எல்லாரும் அதான் சார் சொல்றாங்க" என்றபடி மேலாளர், கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டுக்கொண்டே போனார்.