மேஸ்திரி கையும் நியூட்டன் மீட்டரும்

1980-களில் எங்கள் பட்டறையில் என்ஜின் ஹெட் போல்ட்டை எவ்வளவு முறுக்க வேண்டும் என்பதற்கு ஒரே ஓர் ஆதார நூல்தான் உண்டு. அது லுங்கி கட்டியிருக்கும், பீடி குடிக்கும், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பெஞ்சில் படுத்துக் குறட்டை விடும். மேஸ்திரி என்று கூப்பிடுவோம்.

"எவ்ளோ முறுக்கணும் மேஸ்திரி?"

"முனகும்டா. முனகுனதும் இன்னொரு கால் சுத்து. அதோட விட்டுடு."

முனகப்போவது போல்ட்டா, ஸ்பானரா என்று கேட்ட பையனுக்குத் தலையில் கொட்டு விழுந்தது.

கம்பெனிப் புத்தகம் இல்லாமலில்லை. முதலாளி மேசை டிராயரில் பூட்டிக் கிடந்தது. பிரிட்டிஷ் வம்சத்து அம்பாசடருக்கு அடி-பவுண்டு, இத்தாலி வம்சத்து பத்மினிக்கு கிலோகிராம்-மீட்டர் என்று அதிலும் ஆளுக்கொரு கணக்கு. முறுக்கை அளந்து காட்டும், முள் வைத்த டார்க் ரெஞ்ச் ஒன்றும் இருந்தது. ஆயுத பூஜையன்று வெளியே வரும், சந்தனப் பொட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடும்.

மேஸ்திரி கையில் மந்திரம் ஒன்றுமில்லை. சூட்சுமம் ஸ்பானரின் நீளத்தில் இருந்தது. 10 எம்.எம். ஸ்பானர் குட்டை, 19 எம்.எம். நெட்டை. கை ஒரே பலத்தைக் கொடுத்தாலும் சின்ன போல்ட்டுக்குச் சின்ன முறுக்கும் பெரிய போல்ட்டுக்குப் பெரிய முறுக்கும் தானாகப் போய்ச் சேரும். இதைக் கெடுப்பது பைப். பிடியில் பைப்பைச் சொருகி நீளத்தை இரண்டு மடங்காக்கினால் முறுக்கும் இரண்டு மடங்கு. தூக்கத்திலிருந்து மேஸ்திரியை எழுப்பக்கூடிய ஒரே சத்தம், பையன் பைப் எடுக்கிற சத்தம்தான்.

அந்த என்ஜின்களும் பொறுமைசாலிகள். செம்புத் தகட்டுக்குள் ஆஸ்பெஸ்டாஸ் வைத்த கேஸ்கட். நடுவிலிருந்து ஆரம்பித்து வெளியே போகிற வரிசையில் மூன்று சுற்றாக முறுக்கி, வண்டியை ஓட்டிச் சூடாக்கி, பிறகு இன்னொரு தடவை பார்த்துவிட்டால் போதும், ஓடிவிடும். மேஸ்திரி கையில் முறிந்த ஸ்டட்டுகளுக்கு மட்டும் கணக்கு கிடையாது. "சரக்கு மட்டம்" என்பார். முறிந்த துண்டை எடுக்க நாங்கள் லேத் பட்டறைக்கு ஓடுவோம்.

இப்போது என்னிடம் வேலை செய்கிற பையன்கள் டிப்ளமோ படித்தவர்கள். கேட்டால் கைப்பேசியைத் தடவி நொடியில் பதில் சொல்கிறார்கள். சிக்கல் என்னவென்றால், ஒரே என்ஜினுக்கு மூன்று பையன்கள் மூன்று எண் சொல்கிறார்கள். ஒன்று வேறு வருட மாடலுக்கு, ஒன்று டீசலுக்கு, ஒன்று அடி-பவுண்டில். 45 அடி-பவுண்டு என்பது 61 நியூட்டன் மீட்டர். 45 என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு நியூட்டன் மீட்டரில் முறுக்கினால் ஹெட் முக்கால் இறுக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கும். இதைவிடப் பொல்லாதது கிலோகிராம்-சென்டிமீட்டர். அதில் 100 என்றால் ஏறக்குறைய 10 நியூட்டன் மீட்டர்தான். ஒரு பையன் ரெஞ்சில் 100 நியூட்டன் மீட்டர் வைத்து, 6 எம்.எம். போல்ட்டில் மாட்டி, வைத்த அளவு வந்ததும் கேட்கிற 'க்ளிக்' சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டே முறுக்கினான். 'டக்' என்றுதான் கேட்டது.

எண் சரியாகவே இருந்தாலும் கதை முடியாது. நாம் கொடுக்கிற முறுக்கில் சுமார் 90 சதவீதம் மரையிலும் போல்ட் தலைக்கு அடியிலும் உராய்விலேயே தீர்ந்துவிடும். மிச்சம் இருக்கிற பத்துதான் போல்ட்டை இழுத்துப் பிடிக்கிறது. மரையில் எண்ணெய் இருந்தால் உராய்வு குறைந்து, அதே எண்ணுக்குப் போல்ட் அதிகமாக இழுபடும். காய்ந்த மரைக்குச் சொன்ன எண்ணா, எண்ணெய் விட்ட மரைக்குச் சொன்னதா என்று புத்தகத்தில் இருக்கும். கைப்பேசியில் யாரோ சொன்ன எண்ணோடு அது வருவதில்லை. மேஸ்திரி ஒவ்வொரு தடவையும் மரையைத் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விடுவார். ஏனென்று எங்களுக்கு அப்போது தெரியாது. அவருக்குத் தெரிந்ததா என்பதும் சந்தேகம்தான்.

இந்த உராய்வுத் தொல்லைக்காகவே புது என்ஜின்களுக்குக் கம்பெனிகள் வேறு வழி எழுதுகின்றன: முதலில் ஓர் அளவுக்கு முறுக்கு, அதன் பிறகு எண்ணைப் பார்க்காதே, 90 டிகிரி திருப்பு. சில என்ஜின்களில் இன்னொரு 90 டிகிரி. அதாவது, மேஸ்திரியின் 'கால் சுத்து'! பீடிப் புகையில் சொன்னபோது நாட்டு வைத்தியம். வழவழத் தாளில் அச்சானதும் பொறியியல்.

ஒரு வித்தியாசம் உண்டு. இப்படித் திருப்புகிற போல்ட்டுகள் பலவும் மீளாத அளவுக்கு நீள்பவை, ஒரு தடவைக்குத்தான். மேஸ்திரி காலத்தில் போல்ட்டுக்கு ஓய்வுபெறும் வயது கிடையாது. வாடிக்கையாளர்கள் இன்னும் அந்தக் காலத்திலேயே இருக்கிறார்கள். "பழசு நல்லாத்தானே இருக்கு, அதையே போடுங்க." பட்டறைக்காரர்களில் பலர் போட்டும் கொடுக்கிறார்கள்.

அடுத்த முறை ஹெட் இறக்கி ஏற்றிய பில் வந்தால், மொத்தத் தொகையை மட்டும் பார்க்காதீர்கள். கேஸ்கட்டோடு ஹெட் போல்ட்டுக்கும் ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், உங்கள் என்ஜினில் பழைய போல்ட்டை மறுபடி போடலாம் என்று கம்பெனிப் புத்தகம் சொல்கிற பக்கத்தைக் காட்டச் சொல்லிவிட்டுச் சாவியை வாங்குங்கள்.