கன்னத்தில் அறை, கையில் காசு

ரோமாபுரியில் லூசியஸ் வெராத்தியஸ் என்றொரு பணக்காரச் சண்டியன் இருந்தான். றோட்டில் எதிர்ப்படுகிற கனவான்களின் கன்னத்தைப் பொத்தி அறைவது அவனுக்குப் பொழுதுபோக்கு. பின்னால் ஓர் அடிமை காசுப்பையோடு வருவான். அறை விழுந்த சூட்டோடு 25 செப்புக்காசை எண்ணிக் கொடுப்பான். பன்னிரண்டு பலகைச் சட்டம் விதித்த தண்டம் அவ்வளவுதான். கி.மு. 450 வாக்கில் சட்டம் எழுதியபோது அது கனத்த காசு. விலைவாசி ஏற ஏற, அறைவது மலிவாகிவிட்டது. கடைசியில் நீதிபதிகள் பொறுமையிழந்து, இனி ஆளையும் அவமானத்தையும் பார்த்துத்தான் தொகை என்று மாற்றினார்களாம். கதையை எழுதிவைத்த அவுலுஸ் கெல்லியுஸ் கொஞ்சம் உப்புப்புளி சேர்த்திருப்பார். சட்டம் மாறியது மட்டும் உண்மை.

கொழும்பு வெள்ளவத்தையில் ஒருவர் இன்னொருவரை நாலு பேர் முன்னால் "கள்ளன்" என்றால், இன்றைக்கும் அந்தச் சட்டத்தின் பேரப்பிள்ளைதான் வந்து நிற்கும். அவதூறைக் குற்றமாக்கிய பிரிவுகளை இலங்கை நாடாளுமன்றம் 2002இல் நீக்கிவிட்டதால் சொன்னவரை மறியலுக்கு அனுப்ப வழியில்லை. மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈடு கேட்கலாம். குடியியல் வழக்கு என்பதே இதுதான்: எதிராளி உள்ளே போகமாட்டார், அவருடைய காசு வெளியே வரும்.

ரோமாபுரிக்கும் வெள்ளவத்தைக் காலி வீதிக்கும் என்ன சொந்தம்? கறுவாதான். அதற்காக வந்த ஒல்லாந்தர் 1656இல் கொழும்பைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தார்கள். படைநடத்திய தளபதி ஹல்ப்ட் வெற்றியைப் பார்க்கமுன்னமே சூடுபட்டுச் செத்துப்போனார். இன்று நீதிமன்றங்கள் நிறைந்திருக்கும் புதுக்கடைக்கு அவர் பெயரில்தான் ஹல்ஸ்டோர்ப் என்று பெயர். கறுவா ஏற்றப்போன கப்பல்களில், ரோமர் சட்டத்தில் ஊறிய அவர்களுடைய ரோம-டச்சுச் சட்டம் வந்திறங்கியது.

அந்தச் சட்டத்தை டச்சு மொழியில் ஒழுங்காக எழுதிய ஹூகோ குரோஷியஸ், எழுதும்போது லூவெஸ்டைன் கோட்டையில் ஆயுள் கைதி. படிக்கப் புத்தகம் பெட்டி பெட்டியாக வந்துபோகும். 1621இல் அவருடைய மனைவி மரியா புத்தகத்தை எடுத்துவிட்டுப் புருஷனைப் பெட்டிக்குள் படுக்கவைத்துப் பூட்டி அனுப்பிவிட்டார். சுமந்து வெளியே கொண்டுபோனது காவற்சிப்பாய்களேதான். நூல் 1631இல் வெளிவந்தது. மறியலை உடைத்தவர் எழுதிய சட்டம் என்பதால்தானோ என்னவோ, அதில் ஓட்டைகளைத் தேடி எங்கள் அப்புக்காத்துமார் பரம்பரை பரம்பரையாகப் பிழைத்தார்கள்.

1796இல் கொழும்பை எடுத்த வெள்ளைக்காரன் 1799ஆம் ஆண்டுப் பிரகடனத்தில் பழைய சட்டமே இருக்கட்டும் என்றான். ஒல்லாந்தோ 1809இல் நெப்போலியனின் தம்பி நீட்டிய சட்டக்கோவையை வாங்கிக்கொண்டு இதைக் கைகழுவிவிட்டது. நாங்களும் தென்னாபிரிக்காவும் விடுவதாயில்லை. இதற்குள் யாழ்ப்பாணத்தார் கதை வேறு: சீதனக் காணிக்கு 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமை, அடிபிடிக்கு ரோமாபுரி.

கொட்டாஞ்சேனை ஒழுங்கைக் கிரிக்கெட்டுக்கும் ரோமர் தயாராகத்தான் இருந்தார்கள். 533இல் பேரரசர் ஜஸ்டினியன் தொகுப்பித்த டைஜெஸ்ட் என்ற சட்டத்தொகுப்பில் ஒரு வழக்கு: பந்து விளையாடும் இடத்துக்குப் பக்கத்தில் ஒருவன் அடிமைக்குச் சவரம் செய்கிறான், பந்து வந்து கையில் பட, கத்தி கழுத்தில் இறங்குகிறது. பிழை சவரக்காரனுடையது என்றார் சட்ட அறிஞர் புரோகுலுஸ். அவன் கதிரை போட்ட இடம் அப்படி. அந்த இடத்தில் கழுத்தை நீட்டியவன் தன்னைத்தான் நோகவேண்டும் என்றது இன்னொரு கட்சி. பந்தடித்தவன் கிட்டத்தட்டத் தப்பிவிட்டான். இந்த விவகாரம் அக்குயிலியச் சட்டத்தின் கீழ் வருவது: பிழையான செயல், வேண்டுமென்றோ கவனயீனத்தாலோ செய்தது, அதனால் காசுநட்டம். மூன்றையும் வழக்காளி காட்டவேண்டும்.

ரோமிலும் தொடர்மாடிகள் இருந்தன. மேல்மாடியிலிருந்து எதையாவது கொட்டிக் கீழே போகிறவருக்குச் சேதமென்றால், குடியிருப்பவர் இருமடங்கு கட்டவேண்டும். கொட்டியது யாரென்று கண்டுபிடிக்கத் தேவையில்லை; அறையில் ஐந்து பேர் இருந்தால் பிடித்த ஒருவரிடம் முழுதையும் கேட்கலாம். நடைபாதைக்கு மேலே விழக்கூடியதாக எதையும் வைத்தாலே, விழாவிட்டாலும், 10 பொற்காசு. "தம்பி, பூச்சட்டி காத்துக்கு விழுந்தது" என்கிற நான்காம் மாடி அன்ரிகளைப் பார்த்துத்தான் ரோமன் எழுதியிருக்கிறான். ஆனால் தழும்புக்கு ஒரு சதமும் இல்லை. சுதந்திர மனிதனின் உடலுக்கு விலைபோட முடியாதாம், வைத்தியச் செலவும் இழந்த கூலியும் மட்டுமே. வேதனைக்கும் காசு உண்டு என்று பிறகு சேர்த்தவர்கள் ஒல்லாந்தர். அந்த ஒன்றுக்காகவாவது கறுவா அள்ளிப்போனதை மன்னிக்கலாம்.

வீட்டு மிருகம் சேதம் செய்தால் சொந்தக்காரன் நட்டத்தைக் கட்டலாம், அல்லது மிருகத்தையே ஒப்படைக்கலாம் என்பதும் ரோமர் ஏற்பாடுதான். கடிபட்டவர் வீட்டுக்கே நாயும் போய்ச்சேரும்.

எதுவானாலும் இலங்கையில் இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போட்டுவிட வேண்டும்; 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் அதில் கறார். தீர்ப்பு எப்போது வரவேண்டும் என்பதைப் பற்றி அது வாயே திறக்கவில்லை.